பதினோராம் பக்கத்தில் இரண்டு கையெழுத்து

போன மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. பேசியது புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண். பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கிறாளாம். பதினோராம் பக்கத்தில் என் கையெழுத்து இரண்டு இருக்கிறது, மேலே இருப்பது அடித்திருக்கிறது, ஏன் என்று கேட்டாள். இப்போது ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டரே சரிபார்த்துவிடுகிறது, ஒருவர் படிக்க ஒருவர் கேட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போடுவதை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறார்களாம்.

வைப்பதும் நிறுத்துவதும் அவர்கள் இஷ்டம். கையெழுத்து ஏன் இரண்டு என்பதை மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்ல வரவில்லை.

எனக்கு ஊர் திருப்பாச்சூர். எட்டாவது வரை படித்தேன். காக்களூர் எஸ்டேட்டில் பேனல் ஒயரிங் வேலை. மெஷினை ஓட்டுகிற இரும்புப் பெட்டிக்குள் ஒயர் இழுத்து மாட்டுவது. ஒவ்வொரு ஒயரின் முனையிலும் நம்பர் போட்ட சின்ன வளையம் கோப்போம். ஃபெரூல் என்பார்கள். டிராயிங்கில் இருபத்து மூன்று என்றால் ஒயரிலும் இருபத்து மூன்று இருக்க வேண்டும்.

இதில் ஒரு பழக்கம் உண்டு. நடுவில் புதிதாக ஒயர் வந்தால் பழைய நம்பரைத் தொடமாட்டோம். புதுசுக்குக் கடைசி நம்பர் கொடுப்போம். இல்லையென்றால் பன்னிரண்டு ஏ என்று போடுவோம். நடுவில் நுழைத்து மற்றதையெல்லாம் ஒன்று ஒன்றாகத் தள்ளினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மோட்டார் எரிந்தது, தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனியில் பேனலோடு போர்டும் செய்ய ஆரம்பித்தார்கள். தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸை இயக்குகிற, சிப்பு வைத்த போர்டு. அதற்காக வந்தவர் சபீனா மேடம். பழவேற்காட்டுக்காரர், அங்கே அவர்கள் குடும்பத்துக்குக் கடை இருந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் மேடம்தான். அவர் என்னை கோதண்டம்ணா என்பார். யாரையும் நீ என்று சொல்லமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான்.

போர்டில் எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்கிற அடிப்படை ப்ரோக்ராமுக்குக் கெர்னல் என்று பேர். அதை மேடமே எழுதினார். எழுதியதைச் சிப்பில் ஏற்றுவதற்கு முன் படிக்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. படிக்கிற ஆள் நான்.

முதலில் பயந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், டிராயிங் பார்த்துப் பழகியது. அதற்கு மேல் தெரியாது. நன்றாகப் படித்த ஆள் வேறு இரண்டு பேர் இருந்தார்களே என்று கேட்டேன்.

"படிச்சவங்க புரியலன்னாலும் தலைய ஆட்டிடுவாங்க. நீங்க ஆட்ட மாட்டீங்க" என்றார்.

ஆறு மாதம் ஆனது எனக்கு அதைப் படிக்க. அந்தக் கதை வேண்டாம்.

முறை இதுதான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாற்காலி. பேப்பர் என் கையில். மேடம் பேப்பரைப் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்த்து உட்காருவார். நான் ஒரு வரியைப் படித்து, அது என்ன செய்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும். சரி என்றால் "ம்" என்பார். இல்லை என்றால் "மறுபடி" என்பார். வரிக்குப் பக்கத்தில் எழுதுகிற இங்கிலீஷ் குறிப்பையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுப்பார். குறிப்பைப் பார்த்து ஒப்பித்துவிடுவேன் என்று தெரியும். நான் சொல்லமுடியாத வரியை அவர் வேறு மாதிரி எழுதிக்கொண்டு வருவார். பக்கம் முடிந்தால் கீழே என் கையெழுத்து. மாறிய பக்கத்தில் மட்டும் மூலையில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருப்பார்.

பதினோராம் பக்கத்தில் மட்டும் நான் தோற்றேன்.

அதில் ஒரு மேக்ரோ இருந்தது. ஏழு வரியைக் கட்டாகக் கட்டி ஒரு பேர் வைத்துவிடுவது. வேறு எங்கே அந்தப் பேரை எழுதினாலும் ஏழு வரியும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பது சிப்பு நேராகக் கேட்கிற மொழி, அசெம்ப்ளி. மூன்று மூன்று எழுத்தாக வார்த்தை. பக்கத்தில் சதவீதக் குறியும் சைபரும், சதவீதக் குறியும் ஒன்றும், சதவீதக் குறியும் இரண்டும். எது எந்தப் பொருள் என்பது கீழே ஒரு பட்டியலில் வரிசையாக இருக்கும். முதலில் இருப்பது சைபர், அடுத்தது ஒன்று. மேலே ஒரு வரி, கீழே பட்டியல் என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். அரை நாள் உட்கார்ந்தோம். மூன்றாவது வரிக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் மேடமே சொன்னார். இது முன்னாடியே எழுதி ரெண்டு வருஷமா ஓடுது, இதை விட்டுடலாம், பழசுன்னு எழுதி கையெழுத்து போடுங்க என்றார். போட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் வந்தால் "பழசு" என்பேன். அவர் "ம்" என்பார். திருப்பிவிடுவேன்.

பிறகு ஒரு புது போர்டு. பிரஸ்ஸுக்கு முன்னால் கை வந்தால் கண்டுபிடிக்கிற ஒளித்திரையை மாட்டவும் அதில் இடம் இருந்தது, ஆனால் திரையை யாரும் இன்னும் வாங்கவில்லை. அதற்காக மேடம் பல பக்கத்தை மாற்றினார். படிக்க உட்கார்ந்தோம். பதினோராம் பக்கம் வந்தது. மூலையில் பென்சில் டிக் இருந்தது.

பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் இது எனக்குப் புரியவில்லை என்று மறுபடி சொல்ல வாய் வரவில்லை. "பழசு" என்றேன். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். கையெழுத்து போட்டேன்.

ஆறு போர்டு போனது. மூன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு பாக்டரிக்கு. மற்ற மூன்றும் மூன்று இடத்துக்கு.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டியிலிருந்து போன். பிரஸ் தானாக இரண்டாவது அடி அடித்துவிட்டது.

பவர் பிரஸ் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பட்டன் இருக்கும், தள்ளித் தள்ளி. இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேல் தலை இறங்கி அடிக்கும். அடித்து மேலே போனதும் கிளட்ச் விட்டு நிற்க வேண்டும். நின்ற பிறகு ஆப்பரேட்டர் உள்ளே கைவிட்டு தகடை எடுப்பார். நாள் முழுக்க இதே வேலை. ஒரு அடிக்கு ஒரு தடவை கை உள்ளே போகும்.

ஆப்பரேட்டர் பேர் வேலு. தகடை எடுத்துக் கையை வெளியே இழுக்கும்போது தலை மறுபடி இறங்கியிருக்கிறது. கிளவுஸ் நுனி உள்ளே மாட்டி நசுங்கிவிட்டது. விரல் தப்பித்தது.

நானும் மேடமும் பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனோம். சூப்பர்வைசர் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். அவருக்கு எங்கள் மேல் வருத்தமே இல்லை. மேஜையில் ஒரு துண்டு சைக்கிள் டியூப் வைத்திருந்தார். வேகமாக ஓட்டுவதற்காக ஒரு பட்டனை டியூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுகிற ஆட்கள் உண்டு. வேலு அதில் முன்பே ஒரு முறை மாட்டியவன். டியூப் பிரஸ்ஸுக்குப் பின்னால் கிடந்ததாம். மெமோ கொடுத்து வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். விசாரணை முடிந்து வேலையை விட்டே அனுப்பப்போகிறார்கள் என்றார்.

இரண்டு நாள் அந்த பிரஸ் பக்கத்தில் நின்று அடியை எண்ணினோம். ஒவ்வொன்றும் சரியாக நின்றது. மேடம் இரண்டாம் நாள் சாயங்காலம் போர்டில் தப்பு தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்தார். பிரஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்து ஓட்ட ஆரம்பித்தார்கள்.

நான் கேட்டுக்கு வெளியே வந்தேன். டீக்கடை பெஞ்சில் வேலு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். கை இரண்டையும் முட்டி மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் போர்டுக்காரா?"

ஆமாம் என்றேன்.

"டியூப்பு கட்னது நெசம்தாணா. அது முன்ன ஒரு வாட்டி. இந்த வாட்டி கட்ல. சொன்னா எவன் நம்பறான்? எங்க ஊட்லயே நம்பல."

நான் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. மேல வந்து நிக்கும்போது காத்து போற சத்தம் வரும் பாரு, புஸ்ஸுன்னு. அத கேட்டுக்கினுதான் கைய வுடுவேன். பத்து வருசமா அதான். அன்னிக்கி அந்த சத்தம் வந்துதா இல்லியா, இப்ப நெனச்சா சந்தேகமா கீது. வர்ல. காது பழக்கத்துல கை உள்ள பூட்ச்சு. வர்லணா."

பட்டனைக் கட்டியிருந்தாலும் மேலே போனதும் போர்டு கிளட்சை விட்டே தீரும். அப்போது கிளட்சைப் பிடித்திருந்த காற்று போகும், சத்தம் வரும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பட்டனையாவது விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்தது. சத்தம் வரவில்லை என்றால் கிளட்ச் விடவே இல்லை. மேலே வந்துவிட்டது என்ற சிக்னல் போர்டுக்குள் தொலைந்திருக்கிறது. இதற்கும் டியூப்புக்கும் சம்பந்தம் இல்லை.

அவனிடம் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது மேடத்திடமும் சொல்லவில்லை. அப்போது என் மனதில் பென்சில் டிக்தான் இருந்தது. அந்த பிரஸ்ஸில் இப்போது வேறு ஒருவர் கைவிட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். மற்ற ஐந்திலும் யாரோ. வீடு வந்து சேரும்வரை அடி, புஸ், அடி, புஸ் என்று காதில் ஓடிக்கொண்டே இருந்தது. சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று வீட்டில் கேட்டார்கள்.

காலையில் ஆறரைக்கே கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் திறந்துவிட்டார். ஃபைலை எடுத்துப் பதினோராம் பக்கத்தை மேஜையில் வைத்தேன். இந்த முறை ப்ரோக்ராம் என்று நினைக்கவில்லை. ஒயரிங் என்று நினைத்தேன். பட்டியலில் இருப்பது டெர்மினல். வரியில் வருகிற நம்பர் ஃபெரூல். ஒரு வெள்ளைத்தாளில் பட்டியலை இடதுபக்கம் கட்டம் கட்டினேன். ஏழு வரியையும் வலதுபக்கம் எழுதி, நம்பருக்கு நம்பர் கோடு இழுத்தேன்.

பழைய பிரிண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. மேடம் பட்டியலில் ஒரு புதுப் பொருளைச் சேர்த்திருந்தார். கடைசியில் இல்லை, இரண்டாவது இடத்தில். அந்த மொழியில் வெளியே வருகிற பொருளெல்லாம் முதலிலும் உள்ளே போவதெல்லாம் பின்னாலும் வர வேண்டும். அதனால் அங்கேதான் வைக்க முடியும். கீழே இருந்ததெல்லாம் ஒரு நம்பர் தள்ளிப்போய்விட்டது. ஆறு வரியில் நம்பரை மாற்றியிருந்தார். ஏழாவது வரியில் இரண்டு என்று மாற்றாமல் பழைய ஒன்றே இருந்தது.

என் தாளில் ஏழாவது கோடு வேறு டெர்மினலுக்குப் போனது.

மேடம் ஒன்பது மணிக்கு வந்தார். நாஷ்டா டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. தாளைக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, முதல் முறையாக அவரே வாய்விட்டுப் படித்தார். ஆறு வரி சொன்னார். ஏழாவதில் நின்றார்.

"டிக் இருந்துச்சு மேடம். பாத்தேன். பாத்துட்டுத்தான் பழசுன்னேன்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"நான் மாத்தின பக்கம்ணா அது. நீங்க பழசுன்னதும் நான் நிறுத்தியிருக்கணும். எனக்கும் அதைத் திரும்பப் படிக்கறது பேஜாராதான் இருந்துச்சு."

அதன் பிறகு விளக்கினார். சிப்பு ஒரு வேலையில் இருக்கும்போது வெளியிலிருந்து சிக்னல் வந்து கதவைத் தட்டும். முக்கியமான வேலை என்றால் கதவை மூடிக்கொண்டு செய்யும். தட்டியது வாசலில் நிற்கும், திறந்ததும் உள்ளே வரும். இந்த மேக்ரோ ஒரு வேலையை முடித்துவிட்டுக் கதவை முன்பு இருந்த மாதிரியே விட வேண்டும். முன்பு திறந்திருந்தால் திறக்க வேண்டும். வேறொரு பெரிய வேலை ஏற்கெனவே மூடிவைத்திருந்தால் மூடியே விட வேண்டும். நம்பர் தள்ளிப்போனதால் எப்போதும் திறந்துவிட்டது. பெரும்பாலும் கதவு முன்பே திறந்துதான் இருக்கும், அதனால் ஒன்றும் தெரியாது. பெரிய வேலைக்கு நடுவில் திறந்து, சரியாக அந்த நேரம் பிரஸ் மேலே வந்துவிட்டது என்ற சிக்னல் உள்ளே வந்தால், அது குறித்துவைத்ததை அந்தப் பெரிய வேலை அழித்து எழுதிவிடும். ஆயிரக்கணக்கான அடிக்கு ஒரு தடவை நடக்கலாம். இரண்டு நாள் எண்ணினால் மாட்டாது.

பேசி முடித்ததும் போனை எடுத்தார். முதலாளியிடம் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போட்டு, எங்க போர்டுல தப்பு, மூணு பிரஸ்ஸையும் இப்பவே நிறுத்துங்க என்றார். அடுத்து மற்றவர்களுக்கு. பத்து மணிக்குள் ஐந்து நின்றது. ஆறாவது இடத்தில் போனை எடுக்கவில்லை. திருவள்ளூர் தாண்டி ஒரு சின்ன ஷெட். மேடம் போன் போட்டுக்கொண்டே இருந்தார், எடுக்கவே இல்லை.

கம்பெனி மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, பெட்டி முடியவே இல்லை. ஷெட்டுக்கு நூறடி முன்னாலேயே அடிக்கிற சத்தம் கேட்டது. அங்கே ஒரு அம்மா பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், கை உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் போய் மெயின் ஸ்விட்சை இழுத்துவிட்டேன். ஷெட்டுக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். நான் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது முதலாளி ரூமில் மேடம் நின்றிருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"டியூப்பு கெடச்சிருக்கு இல்ல? அவன் கட்ற ஆளுதான? சிப்ப கமுக்கமா மாத்திட்டு வந்துடலாம். நாமளே போய் ஏம்மா கழுத்த நீட்டணும்?" என்றார் முதலாளி.

"டியூப் கட்டினா ரெண்டாவது அடி வராது சார். அதை நான் எழுதிக்கொடுக்கலன்னா அந்த ஆளுக்கு வேலை போயிடும்."

"நமக்கு ஆர்டர் போயிடும்."

"போகும் சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ இன்னாய்யா சொல்ற?"

எனக்குப் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். என் வயதில் எட்டாவது படித்தவனுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்று அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் யோசித்தேன்.

"என் பக்கம் சார் அது. படிக்காம தள்ளிட்டேன். லெட்டர்ல அதையும் எழுதி அனுப்புங்க" என்றேன்.

முதலாளி பேப்பரைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லெட்டர் போனது. அந்த பாக்டரி அடுத்த போர்டை வேறு இடத்தில்தான் வாங்கியது. என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அனுப்புவார்கள் என்று ஒரு வருடம் எதிர்பார்த்தேன்.

மேக்ரோவைத் திருத்த உட்கார்ந்தோம். ஏழாவது வரியில் ஒரு நம்பரை மாற்றினால் போதும். நான் வேண்டாம் என்றேன். நம்பர் இருக்கிறவரை நாளைக்கு இன்னொன்று நடுவில் வரும், இன்னொரு வரி விட்டுப்போகும். ஒயர் மாதிரி பழைய நம்பரைத் தொடாமல் விடவும் இதில் வழியில்லை. நம்பருக்குப் பதில் பேர் எழுத முடியாதா என்று கேட்டேன்.

மேடம் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முடியும் என்றார். அந்த மொழியில் அதற்கு வசதி இருக்கிறது, நம்பர் போட்டே பழகிவிட்டதால் எழுதவில்லை என்றார்.

புது பேப்பர் எடுக்கவில்லை. அதே பதினோராம் பக்கத்தில், கீழே இருந்த காலி இடத்தில் பேனாவால் எழுதினார். ஏழாவது வரியில் ஒன்று இருந்த இடத்தில் முன்நிலை, அதாவது கதவு முன்பு இருந்த நிலை. மூன்று இருந்த இடத்தில் மதிப்பு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வார்த்தை. ஏழு வரியையும் நான் நிற்காமல் சொன்னேன். "ம்" ஏழு முறை வந்தது. கையெழுத்து போடச் சொன்னார். அங்கே போய் ஓடின பிறகு போடுகிறேன் என்றேன். முறைப்படி அது தப்பு. அவர் பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

புதுச் சிப்போடு கும்மிடிப்பூண்டிக்கு நான் போனேன். வேலுவை உள்ளே எடுத்திருந்தார்கள். சூப்பர்வைசர் அவனிடம் தப்பு எங்க மேல என்றெல்லாம் சொல்லவில்லை. "உள்ள போ நைனா" என்றாராம், அவ்வளவுதான்.

சிப்பை மாற்றினேன். வேலு பிரஸ் முன்னால் வந்து நின்றான். பட்டன் பக்கம் கையே போகவில்லை. என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான்.

"இன்னாணா அது?"

"உள்ள கீறது இதான்."

"படி."

புரியாது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் சொன்னேன். கதவு, மூடுவது, தட்டுவது எல்லாம் மேடம் எனக்குச் சொன்ன மாதிரியே. ஆறு வரிக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். ஏழாவது வரி, கதவை முன்நிலைக்கே விடு.

"முன்ன மூடிகினு இருந்துச்சுன்னா?"

"மூடியே இருக்கும்."

"தொறந்திருந்தா?"

"தொறந்துடும்."

"முன்ன இந்த எடத்துல இன்னா போட்டிருந்தீங்க?"

"ஒண்ணுன்னு."

"ஒண்ணுன்னா?"

"தெரியல. தெரியாமலே கையெழுத்து போட்டேன்."

வேலு என் முகத்தைப் பார்த்தான். திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. தகடை வைத்தான். இரண்டு பட்டனையும் அழுத்தினான். தலை இறங்கியது, அடித்தது, மேலே போனது. புஸ்.

அவன் கை இரண்டும் பட்டன் மேலேயே இருந்தது. தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பிரஸ் நாலைந்து அடி அடித்திருக்கும். பிறகு வலது கையை எடுத்து உள்ளே விட்டு, தகடை எடுத்துக் கூடையில் போட்டான்.

"இப்ப போடு" என்றான்.

பிரஸ் பெஞ்சு மேலேயே பேப்பரை வைத்தேன். மேலே இருந்த கையெழுத்தை அடித்தேன். கீழே போட்டேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை இருக்கும். அது அழுக்கில்லை. பிரஸ் எண்ணெய்.